கத்தியின் மரக் கைப்பிடியைப் பதப்படுத்திப் பாதுகாப்பது எப்படி?

மரக் கைப்பிடி போட்ட ஒரு கத்தி பயன்பாட்டிலிருந்து விலகுகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் அலகு அல்ல, கைப்பிடிதான். மழுங்கிய அலகைச் சாணை பிடித்தால் கூர் திரும்பிவிடும். வெடித்த மரமும், ஆடத் தொடங்கிய ரிவெட்டும், உள்ளங்கையில் ஏறும் சிலாம்பும் அப்படி எளிதில் சரியாவதில்லை. ஆனால் இவை அனைத்தையும் தொடக்கத்தில் சில மணி நேர வேலையும், அதன்பின் அவ்வப்போது ஐந்து நிமிடக் கவனிப்பும் பெருமளவு தடுத்துவிடும். இதுவரை மரவேலையே செய்யாதவர்களும் இந்த வேலையை வீட்டு மேசையில் செய்து முடிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், கைப்பிடி வெடித்துப்போன கத்தி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால், அந்த ஒரு வெடிப்பைத் தவிர மரம் நன்றாகவே இருந்தது. தடித்த வார்னிஷ் அடித்திருந்தார்கள், பளபளப்புகூடக் குறையவில்லை. ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, ஒரு பக்கக் கட்டையை மெல்ல நெம்பியபோது, உள்ளே இரும்பின் மேல் செதில் செதிலாகத் துரு இருந்தது. அதை ஒட்டியிருந்த மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்ந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தம்தான் கட்டையை உள்ளிருந்து தள்ளி, ரிவெட்டின் ஓரத்தில் பிளந்திருந்தது. தண்ணீர் நுழைந்தது பளபளத்த மேற்பரப்பின் வழியாக அல்ல, மரமும் இரும்பும் சேரும் இடத்திலிருந்த மயிரிழை இடைவெளியின் வழியாக. பூச்சு என்றாலே மேற்பரப்பை அழகுபடுத்துவது என்று நினைக்கிறோம். கைப்பிடியின் ஆயுளை உண்மையில் தீர்மானிப்பவை அந்த இடைவெளியும் கட்டையின் முனைகளும்தான். இந்தக் கட்டுரை அவற்றுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

மரமும் ஈரமும்

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. மரம் உயிரோடு இருந்தபோது அந்தக் குழாய்களின் வழியாகவே நீர் ஏறியது. வெட்டி, அறுத்து, உலர்த்தி, கைப்பிடியாகச் செதுக்கிய பிறகும் அந்த வழிகள் அடைபட்டுவிடுவதில்லை. ஆகவே குழாய்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகம், அதாவது கைப்பிடியின் பின் முனையும் அலகை ஒட்டிய முன் முனையும், பக்கப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரம் கூடினால் மரம் வீங்கும். காற்று உலர்ந்தால் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. பச்சை மரம் முழுதாக உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறைய 0.1 முதல் 0.2 சதவீதம் மட்டுமே சுருங்குகிறது; குறுக்குவாக்கில், வளைய வரிகளின் போக்கிலேயே பார்த்தால், பல மரங்களில் அது 5 முதல் 10 சதவீதம் வரை போகும். இரும்போ சிறிதும் அசைவதில்லை. அசையும் மரத்தை அசையாத இரும்போடு ரிவெட்டால் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதே கைப்பிடியின் அடிப்படைச் சிக்கல்.

எந்தப் பூச்சும் இந்த அசைவை முழுதாக நிறுத்துவதில்லை. அது ஈரம் ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். மெதுவாக நடக்கும் மாற்றத்தை மரம் தாங்கிக்கொள்ளும். காலையில் நனைந்து, மதியம் வெயிலில் காய்ந்து, மாலையில் மீண்டும் நனையும் மரம்தான் வெடிக்கிறது.

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது

பூச்சுகளை இரண்டு பெரும் குடும்பங்களாகப் பார்க்கலாம். வார்னிஷ், பாலியூரிதேன், லாக்கர் போன்றவை மரத்தின் மேல் ஒரு படலமாகப் படிபவை. எண்ணெய்களும் மெழுகும் மரத்துக்குள் ஊறுபவை. மேசைக்கும் நாற்காலிக்கும் படலம் நல்ல காவல்தான்; ஆனால் நாள்தோறும் நனைந்து, கையில் அழுந்தி, மேசை விளிம்பில் இடிபடும் கைப்பிடியில் அந்தப் படலம் என்றாவது ஓரிடத்தில் விரிசல் விடும். விரிசலின் வழியே உள்ளே போன நீர், அதே படலத்தால் வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். அத்துடன், உரிந்த படலத்தை ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது கடினம். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். நனைந்த கையில் பளபளப்பான படலம் வழுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எண்ணெய்ப் பூச்சு அவ்வளவு வலுவான காவல் அல்ல என்பது உண்மையே. ஆனால் தேய்ந்த இடத்தில் மீண்டும் ஒரு துளி தேய்த்தால் பழைய பூச்சோடு அது சேர்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது எண்ணெய்ப் பூச்சைத்தான்.

எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் வால்நட் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நாளடைவில் மரத்துக்குள்ளேயே ரப்பர் போன்ற திடப்பொருளாக இறுகிவிடுகின்றன. இவற்றை உலரும் எண்ணெய்கள் என்கிறார்கள். இறுகும் தன்மையை அயோடின் எண் என்ற அளவால் ஓரளவு கணிக்கலாம்: ஆளிவிதை எண்ணெய்க்கு அது ஏறக்குறைய 170 முதல் 200 வரை, ஆலிவ் எண்ணெய்க்கு 80-ஐ ஒட்டி, தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி. கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று சமையல் எண்ணெயைத் தேய்ப்பவர்கள் பலர். அது முதல் நாள் அழகாகத் தெரியும். ஆனால் இறுகாமல் பசையாகவே தங்கி, தூசியைப் பிடித்துக்கொண்டு, சில வாரங்களில் சிக்கு நாற்றம் எடுக்கும்.

ஆளிவிதை எண்ணெயிலும் இரண்டு வகை உண்டு. பச்சையாக விற்கப்படுவது மெல்லிய பூச்சாக இட்டாலும் உலரப் பல நாட்கள், சில நேரம் வாரங்கள் எடுக்கும். ‘காய்ச்சிய’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் உண்மையில் காய்ச்சப்பட்டதல்ல. கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்து விரைவில் உலரும்படி செய்தது. அது ஓரிரு நாளில் உலர்ந்துவிடும் என்பதால் வேலைக்கு வசதியானது. ஆனால் உணவைத் தொடும் கையே கைப்பிடியையும் தொடுகிறது என்பதால், சமையலறைக் கத்திக்கு இத்தகைய எண்ணெயை வாங்குமுன், உணவுப் பொருட்களுடன் தொடர்புள்ள மரத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். டங் எண்ணெய் ஆளிவிதையைவிட நீரை நன்றாகத் தாங்கும், நாளாக ஆக மஞ்சளாவதும் குறைவு. ஆகவே சற்றுப் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே என் முதல் தேர்வு. ‘டங் எண்ணெய்ப் பூச்சு’ என்று பெயரிட்ட டப்பாக்கள் சிலவற்றில் டங் எண்ணெயே இருப்பதில்லை, வார்னிஷும் கரைப்பானும்தான் இருக்கும் என்பதால், ‘100 சதவீதம் தூய’ என்ற சொல்லைத் தேடி வாங்குங்கள். வால்நட் எண்ணெயும் டங் எண்ணெயும் கொட்டைகளிலிருந்து வருபவை. வீட்டில் யாருக்கேனும் கொட்டை ஒவ்வாமை இருந்தால் ஆளிவிதையோடு நின்றுகொள்வது நல்லது.

லிக்விட் பாரஃபின் எனப்படும் கனிம எண்ணெய் மூன்றாவது வகை. அது உலர்வதும் இல்லை, கெடுவதும் இல்லை. நனைய நனைய வெளியேறிவிடும் என்பதால் அடிக்கடி தேய்க்க வேண்டும். முதல் பூச்சாக அது போதாது, ஆனால் பின்னாளில் பராமரிப்புக்கான மெழுகுக் கலவை செய்ய மிகவும் பொருத்தமானது.

தொடங்குமுன்

உங்களுக்குத் தேவையானவை இவ்வளவே: 120, 220, 320, 400 எண் உப்புத்தாள்கள் (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்), மாஸ்கிங் டேப், தடித்த அட்டை, நூல் உதிராத பழைய பருத்தித் துணி, கைப்பிடி எண்ணெய், தேன்மெழுகு, கொஞ்சம் எப்பாக்சி பசை (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகுவது), துடைக்க ஆல்கஹால், மெழுகுக் கலவைக்குக் கனிம எண்ணெய், தூசி முகமூடி. முகமூடியை அவசியமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. தோதகத்தி (ரோஸ்வுட்), கருங்காலி போன்ற அடர்மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் உடனடி ஒவ்வாமையையே உண்டாக்கிவிடும்.

வேலையின் முதல் படி அலகை மறைப்பது. அட்டையை இரண்டாக மடித்து, கூர் மடிப்பின் பக்கம் வரும்படி அலகை உள்ளே வைத்து, அட்டையின் மேல் டேப்பை முழுதாகச் சுற்றுங்கள். தேய்க்கும்போது கை முன்னே சறுக்குவது எப்போதும் அலகை நோக்கித்தான் என்பதால், இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றுங்கள். கைப்பிடியை ஒட்டிய இரும்புப் பகுதியிலும் ஒரு வரி டேப் ஒட்டினால் உப்புத்தாளின் கீறல் அலகில் விழாது.

பழைய பூச்சும் இடைவெளிகளும்

அடுத்து, கைப்பிடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு துளி தண்ணீரை வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். மரம் அந்த இடத்தில் கறுத்தால் அங்கே காவல் எதுவும் இல்லை. துளி முத்தாக நின்றால் படலமோ, மெழுகோ, பிசின் ஏற்றிய மரமோ இருக்கிறது என்று பொருள். நகத்தால் சுரண்டும்போது மெழுகு சுருண்டு வரும், வார்னிஷ் வெள்ளையாகப் பொடியும். படலம் எதுவாக இருந்தாலும் அதை முழுவதும் நீக்கிவிட வேண்டும். படலத்தின் மேல் தேய்த்த எண்ணெய் ஊற வழியின்றி மேலேயே பிசுபிசுத்து நிற்கும். இதற்கு 120 எண் உப்புத்தாள் போதும். உடைந்த கண்ணாடித் துண்டாலோ கத்தி முனையாலோ சுரண்டும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் அதை இந்தக் கைப்பிடியில் பழக வேண்டாம்.

ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த கத்தி என்றால், அதைக் கழுவித் துடைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். ஈரத்தோடு இருக்கும் மரத்தின் மேல் பூச்சு இட்டால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைத்தால், மேல்பகுதி உள்பகுதியைவிட வேகமாகச் சுருங்கி, இல்லாத வெடிப்பும் வந்துவிடும்.

மரம் உலர்ந்தபின் இடைவெளிகளைத் தேடுங்கள். விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்து, கைப்பிடியின் முதுகையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரும்பும் மரமும் சேரும் கோடு ஓரிடத்தில் மட்டும் கறுப்பாகத் தடித்துத் தெரிந்தால் அதுவே நீரின் வழி. ஒரு தாளின் ஓரத்தை அங்கே செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் அந்த இடைவெளியை எப்பாக்சியால் நிரப்ப வேண்டும். மெதுவாக இறுகும் வகை எப்பாக்சியை எடுத்து, கலந்த பசையைச் சற்றே இளஞ்சூடாக்கினால் அது இளகி, இடைவெளிக்குள் தானே இறங்கும். பல் குத்தும் குச்சியின் நுனியால் சிறிது சிறிதாக விட்டு, வெளியே வழிந்ததை உடனே ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கட்டை ஆடுகிறது, ரிவெட் தளர்ந்திருக்கிறது, உள்ளே துரு தெரிகிறது என்றால் இந்த ஒட்டு வேலை பயன்படாது. கட்டையைக் கழற்றி, துருவை நீக்கி, புதிதாக ஒட்டி, புது ரிவெட் போட வேண்டும். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ள தனி வேலை. துருவின் மேல் பசையை ஊற்றி மூடிவிட்டால் உள்ளே துரு வளர்வது நிற்காது.

அலகின் பின்நீட்சியான வால்பகுதி முழுதாக மரத்துக்குள் மறைந்திருக்கும் கத்திகளில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: கைப்பிடியின் முன் முனையைச் சுற்றியுள்ள வளையமான பூணுக்குள் அலகு நுழையும் வாய். அங்கே இடைவெளி இருந்தால் எப்பாக்சியோ, குறைந்தபட்சம் உருக்கிய தேன்மெழுகோ நிரப்பிவிடுங்கள்.

உப்புத்தாள் வேலை

பூச்சின் தரத்தில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது. எண்ணெய் கீறல்களை மறைக்காது. மாறாக, கீறலுக்குள் கூடுதலாக ஊறி அதைக் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். 120-இல் தொடங்கி, 220, 320, 400 என்று வரிசையாகச் செல்லுங்கள். ஒவ்வொரு எண்ணின் வேலையும் அதற்கு முந்தைய எண் விட்ட கீறலை அழிப்பதே. நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். எப்போதும் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, கைப்பிடியின் நீளவாக்கில் தேயுங்கள். தட்டையான பகுதிக்கு உப்புத்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கு, தாளை விரல் அகல நாடாவாகக் கிழித்து, பின்பக்கம் டேப் ஒட்டினால் கிழியாமல் வளைந்து கொடுக்கும்.

மின் இயந்திரத்தால் தேய்ப்பவர்கள் ரிவெட்டை அடிக்கடி விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். உலோகம் மரத்தைவிட வேகமாகச் சூடேறும். சாதாரண எப்பாக்சி 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்குவதால், தொட முடியாத அளவு சூடான ரிவெட்டின் அடியில் ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். இன்னொன்று: இரும்பும் மரமும் ஒரே பரப்பில் சேர்ந்து தேய்க்கப்படும்போது, கறுப்பு இரும்புத் தூள் மரத்தின் துளைகளில் போய் அடையும். மேப்பிள் போன்ற வெளிர்மரங்களில் அது அழுக்காகத் தெரியும். ஓக் போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரங்களில் அந்தத் தூளும் ஈரமும் சேர்ந்து நீலக்கறுப்புக் கறையாகவே மாறிவிடும். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் தூரிகையால் தட்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுவதே இதற்குத் தீர்வு. அப்படித் துடைக்கும்போது மரம் ஒரு நிமிடம் நனைந்த நிறத்தில் தெரியும். எஞ்சியிருக்கும் கீறல்கள் அப்போது தெளிவாகக் கண்ணில் படும் என்பதால், அந்த ஒரு நிமிடத்தை வீணாக்காமல் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இதே காரணத்துக்காக இரும்புக் கம்பளியை ஓக் கைப்பிடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

320 முடிந்ததும், பலர் தவிர்த்துவிடும் ஒரு படி இருக்கிறது. பிழிந்த ஈரத்துணியால் கைப்பிடி முழுவதையும் ஒருமுறை நனைத்துத் துடைத்து, அது உலரும்வரை விட்டுவிடுங்கள். அதுவரை கண்ணாடிபோல் வழவழவென்று இருந்த மரத்தை இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்: ஒரு நாள் மழிக்காத தாடையைத் தடவுவது போலச் சொரசொரவென்று இருக்கும். தேய்க்கும்போது அழுந்திப் படுத்திருந்த நார் நுனிகள் நீரை உறிஞ்சி நிமிர்ந்திருக்கின்றன. இந்தப் பிசிறை இப்போதே 400 எண் தாளால், அழுத்தாமல், நாலைந்து முறை மட்டும் இழுத்து வெட்டிவிட வேண்டும். இதையே மறுமுறையும் செய்தால் இரண்டாவது தடவை பிசிறு மிகக் குறைவாகவே எழும். இப்படிச் செய்யாத கைப்பிடி முதல் தடவை கழுவியதும் சொரசொரப்பாகி, செய்த பூச்செல்லாம் வீணானது போலத் தோன்றும். 400-க்கு மேலே செல்வது எண்ணெய்ப் பூச்சுக்குத் தேவையில்லை. கருங்காலி போன்ற நுண்துளை மரங்களில் மட்டும் 800 வரை போனால் மினுமினுப்பு கூடும்.

எண்ணெய் இடுதல்

முதல் பூச்சு ஆழமாக ஊறுவதற்காக, எண்ணெயையும் டர்பன்டைன் என்ற கரைப்பானையும் சம அளவில் கலந்துகொள்ளலாம். டர்பன்டைன் கலப்பதாக இருந்தால் சன்னல்களைத் திறந்து வைத்து, நெருப்பிலிருந்து விலகி வேலை செய்யுங்கள். அதன் வாடை பிடிக்காதவர்கள், எண்ணெய்ப் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் வைத்து இளஞ்சூடாக்கினாலும் அது இளகி நன்றாக ஊறும். துணியால் தாராளமாகத் தேயுங்கள். வெட்டுமுகங்களைத் தனியாகக் கவனியுங்கள்: பின் முனையில் இட்ட எண்ணெய் கண்ணெதிரே மறைந்துபோவதைப் பார்க்கலாம்; மறைய மறைய மேலும் மேலும் இட்டு, இனி உறிஞ்சாது என்ற நிலை வரும்வரை விடாதீர்கள். ரிவெட்டைச் சுற்றியும், இரும்பும் மரமும் சேரும் கோட்டிலும் விரல் நுனியால் எண்ணெயை அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

15 முதல் 20 நிமிடம் கழித்து, மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். கொஞ்சம் விட்டு வைத்தால் காவல் கூடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு கைப்பிடியில் ஆளிவிதை எண்ணெயைத் துடைக்காமல் இரவு முழுவதும் விட்டதில், மறுநாள் அது மேலே தோல் கட்டி, அடியில் பசையாக, தொட்ட விரல்ரேகையைப் பதிய வைத்துக்கொண்டு நின்றது. அதை டர்பன்டைன் தொட்டுத் தேய்த்து எடுக்கவே அரை நாள் ஆயிற்று. எண்ணெய் இறுகுவது காற்றைத் தொட்டுத்தான் என்பதால், தடித்த அடுக்கின் அடிப்பகுதி காற்றில்லாமல் பல வாரம் அப்படியே கிடக்கும். மரத்துக்குள் போனது மட்டுமே பூச்சு. மேலே நிற்பது மிச்சம். துடைத்த ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். துளைகளிலிருந்து எண்ணெய் சிறு புள்ளிகளாகக் கசிந்திருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள்.

ஒரு நாள் இடைவெளி விட்டு, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் அடுத்த பூச்சு. டங் எண்ணெய்க்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படலாம். இடையில் 400 எண் தாளால் லேசாக ஒரு முறை இழுத்து, தூசியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பூச்சிலிருந்து கரைப்பான் தேவையில்லை. எண்ணெயும் சில துளிகளே போதும். நான்கு முதல் ஆறு பூச்சுகள் வரை போனால், மரம் பளபளக்காமல் உள்ளிருந்து ஒளிர்வது போன்ற ஒரு நிறத்துக்கு வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்காம் பூச்சுதான். அதுவரை வெறும் மரமாக இருந்தது, அன்றைக்குத்தான் தன் வரிகளை முழுதாகக் காட்டுகிறது.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு கத்தியை உடனே பயன்படுத்த வேண்டாம். ஒட்டாமல் உலர்வது ஒன்று, உள்ளே முழுதாக இறுகுவது மற்றொன்று. தூய எண்ணெய்க்கு இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மூக்கே இதற்கு நல்ல அளவுகோல். கைப்பிடியை முகர்ந்தால் எண்ணெய் வாடை வரும்வரை அது இன்னும் இறுகவில்லை.

துணிகளைப் பற்றிய எச்சரிக்கை

உலரும் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே தேங்கி, யாரும் தீ வைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் பிடித்த பெருந்தீ, மர வேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்தே தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் உயிரிழந்தனர். ஒரு கத்திக்குப் பயன்படும் துணி சிறியதுதான், ஆனால் வேதியியல் அதேதான். வேலை முடிந்ததும் துணியை வெளியே தனியாக விரித்து, அது அட்டைபோல் விறைக்கும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.

மெழுகு

இறுகிய எண்ணெயின் மேல் மெழுகுக் கலவை ஒன்றைத் தேய்த்தால் நீர்த்துளிகள் உருண்டோடும், பிடியும் இதமாகும். எடைக்கணக்கில் நான்கு பங்கு கனிம எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் என்பதால் நேரடித் தீ வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்கினால் போதும். ஆறியதும் களிம்பாக உறையும். இன்னும் கடினமான மேற்பரப்பு வேண்டும் என்றால், 82 டிகிரிக்கு மேல் உருகும் கார்னாபா மெழுகைச் சிறிதளவு சேர்க்கலாம். கலவையைத் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, துணியால் தேய்த்துத் துடையுங்கள். மெழுகுக்கு மேல் எண்ணெய் ஊறாது. ஆகவே எண்ணெய்ப் பூச்சுகள் எல்லாம் இறுகிய பிறகே மெழுகு.

விதிவிலக்கான மரங்கள்

எல்லாக் கைப்பிடிக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. தோதகத்தி இனத்து மரங்களில் இயல்பாகவே உள்ள சில வேதிப்பொருட்கள் எண்ணெய் இறுகுவதைத் தடுக்கும். அவற்றின் மேல் ஆளிவிதை எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கலாம். அத்தகைய மரத்தை 800 வரை தேய்த்து, மெழுகு மட்டும் இடுவதே போதும். மரத்தின் சொந்த எண்ணெயே அதற்குக் காவல். தேக்கு அந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது, ஆனால் பூச்சிடுமுன் ஆல்கஹாலால் துடைத்தால் நன்றாக ஏறும். வெற்றிட முறையில் அக்ரிலிக் பிசின் ஏற்றிய மரத்திலும், பிசினில் அழுத்திய அடுக்குமரத்திலும் எண்ணெய் ஊற இடமே இல்லை. முன்பு சொன்ன தண்ணீர்ச் சோதனையில் பூச்சை நீக்கிய பிறகும் துளி முத்தாகவே நின்றால் உங்களுடையது இந்த வகை. உயர்ந்த எண் தாளால் தேய்த்து மெருகேற்றினால் வேலை முடிந்தது.

அன்றாடக் கவனிப்பு

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மரக் கைப்பிடிக் கத்தியைப் போடவே கூடாது. நீடித்த வெந்நீர், காரச் சோப்பு, சூடான உலர்காற்று என மரத்தை வெடிக்க வைக்கத் தேவையான மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. தொட்டியில் ஊறப்போடுவதும் ஏறக்குறைய அதே அளவு கெடுதல். பயன்படுத்தியவுடன் கையால் கழுவி, துடைத்து, கைப்பிடியின் முனை தரையில் படாமல், காற்றுப்படும்படி வையுங்கள். ஈரக் கத்தியை உறையில் போட்டு மூடாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் இடுவது என்பதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், மரத்தைப் பாருங்கள். நாள்தோறும் உழைக்கும் கத்திக்கு மாதம் ஒருமுறை மெழுகுக் கலவை பொருத்தமாக இருக்கும். எப்போதாவது எடுப்பதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை போதும். துளி விட்டுப் பார்த்தால் மரம் கறுக்கத் தொடங்கியிருந்தால், எந்தக் கணக்கானாலும் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பின் முனையையும் இரும்பு சேரும் கோட்டையும் முதலில் தேய்த்துவிட்டு, மிஞ்சியதைப் பக்கங்களில் தடவுங்கள்.

நரைத்து, வறண்டு, நார் எழும்பிய பழைய கைப்பிடி கையில் கிடைத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சாம்பல் நிறம் பெரும்பாலும் மேல்தோலோடு நிற்பது. 220-இல் தொடங்கி லேசாக எடுத்தாலே அடியில் மரத்தின் பழைய நிறம் வெளிப்படும். அது மிகவும் உறிஞ்சும் என்பதால் முதல் நாளே இரண்டு மூன்று முறை எண்ணெய் இட வேண்டியிருக்கும். மயிரிழை வெடிப்பு இருந்து, கட்டை ஆடாமல் உறுதியாக நின்றால், எண்ணெய் இடுமுன் அந்த வெடிப்பில் மெல்லிய சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையை விட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே 320 எண் தாளால் தேய்த்தால், அதே மரத்தின் தூள் வெடிப்பில் போய் அடைந்து நிறம் மாறாமல் மூடிக்கொள்ளும். எண்ணெய் முதலில் போய்விட்டால் அந்தப் பசை பிறகு மரத்தைப் பிடிக்காது.